ஓரமாய்ப் போ என்போருக்கு

யாழ்ப்பாணத்து வீதியொன்றிலே துவிச்சக்கர வண்டியிற் சென்ற மாணவனொருவன் வாகனத்தில் மோதுண்டு இறந்தால், அடுத்த சில நாட்களிலேயே பாடசாலைகளில் வீதி ஒழுங்கு பற்றிய விரிவுரை நடைபெறுகிறது. சோடியாகச் செல்லாதே, விளக்குப் பூட்டு, ஓரமாய்ப் போ என்று மாணவருக்குப் புத்தி புகட்டுகிறார்கள். இவற்றை நாம் மறுக்கவில்லை. நாமும் வகுப்பிலே கூறுபவைதாம். ஆயினும், அறிவுரை ஏன் எப்போதும் மெலியவனை நோக்கியே வருகிறது? மோதிய வாகனத்தின் வேகத்தைப் பற்றி ஒரு சொல் உண்டா?

ஓரம் எங்கே இருக்கிறது? தாரின்மேல் தாரிட்டு உயர்த்திய வீதியின் விளிம்பு பல இடங்களில் மண்ணிலிருந்து நாலு விரற்கடை உயர்ந்து நிற்கிறது. கீழே இறங்கிய சில்லு மீண்டும் ஏற முயலும்போது வண்டி வீதியின் பக்கமே சரியும். வெள்ளைக் கோட்டுக்கு அப்பாலுள்ள சிறு இடத்தையோ கடைக்கு வந்தோரின் கார்களும் வான்களும் பிடித்துக்கொள்கின்றன. அவற்றுள் ஒன்றன் கதவு திடீரெனத் திறந்தால் அவ்வளவுதான்.

ஆகவே, விளிம்பை ஒட்டாது ஒரு முழம் உள்ளே நேர்கோட்டிற் செல்வதும், நிற்கும் வாகனத்திலிருந்து ஒரு கதவின் அகலம் விலகுவதும், சந்தியிலே டிப்பரின் இடப்புறத்தில், சாரதியின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், போய் நில்லாதிருப்பதுமே உண்மையான தற்காப்பு. நாம் கேட்ட விரிவுரைகளில் இவை இல்லை. சொன்னால், ஏழையின் வண்டிக்கும் வீதியிலே பங்குண்டென ஒப்புக்கொள்ள நேரிடுமல்லவா!

வேகம் இருமடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும் என்பது எமது பௌதிக மாணவர் அறிந்ததே. 2020 பெப்ரவரியில் ஸ்ரொக்ஹோமிற் கூடிய உலக அமைச்சர் மாநாடு, பாதசாரிகளும் துவிச்சக்கர வண்டியோட்டிகளும் வாகனங்களோடு கலந்து செல்லுமிடங்களில் உச்ச வேகம் மணிக்கு 30 கிலோமீற்றராக இருத்தல் வேண்டுமெனப் பிரகடனம் செய்தது. எமது பாடசாலை வாசல்களில் அந்த வேகத்தை மதிப்போர் எத்தனை பேர்?

1990 இலே தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது நோயாளியும் விறகும் சந்தை மரக்கறியும் துவிச்சக்கர வண்டியிலேயே ஏறிச் சென்றன. மின்கலம் கிடையாதபோது எம் பெற்றோர் அதன் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். 2022 யூன் இறுதியில் அத்தியாவசியச் சேவையினர் தவிர்ந்தோருக்கு எரிபொருள் நிறுத்தப்பட்டவேளை, காரில் வந்தவர்களும் இதனைத் தேடி ஓடினர். எரிபொருள் மீண்டது, அவர்கள் மீண்டும் ஹோர்ன் அடித்து எம்மை விரட்டுகிறார்கள்.

இதெல்லாம் செல்வ நாடுகளுக்கே ஆகும் என்பர் சிலர். நெதர்லாந்தின் பாதைகள் யாரோ இட்ட பிச்சையல்ல. 1971 இல் அங்கே வீதி விபத்துகளில் 400 இற்கு மேற்பட்ட சிறுவர் மாண்டனர். பெற்றோரும் இளைஞரும் சிறுவர்களும் வீதியிலிறங்கிப் போராடினர். 1973 இன் எண்ணெய் நெருக்கடி அவர்கள் வாதத்துக்கு வலுவூட்டியது. அதன் பின்னரே அரசு அசைந்தது.

பாடசாலை தொடங்கும், விடும் வேளைகளில் டிப்பர்களுக்குத் தடை. வாசல்களிலே 30 கிலோமீற்றர் எல்லை. வாகனம் நிறுத்தலாகாத, மட்டமான வீதியோரம். பிரதேச சபைக்கும் வீதி அதிகாரிகளுக்கும் இம்மூன்றையும் கேட்டு மனு எழுதுவோம். அடுத்த வீதி ஒழுங்கு விரிவுரைக்கு வரும் அதிகாரியிடமே, மாணவர் முன்னிலையில், அதனைக் கையளிக்கலாம்.