தலைநகரில் ஒரு நடுகல்

தில்லியில் எமக்கு எஞ்சியிருந்தது ஒரு மாலைப்பொழுதே. குதுப்மினாரைக் காண்பதா, இந்தியா வாயிலையும் அதனை அடுத்துள்ள போர் நினைவகத்தையும் காண்பதா என்னும் வினா எழுந்தது. உடன் வந்த என் தமையனார் மகன், "சித்தப்பா, போர் கொலைத்தொழில் அன்றோ? அதில் இறந்தார்க்கு எடுத்த கல்லை நாம் வணங்குவது முறையாகுமா? அன்றியும், இந்தியா வாயிலில் பெயர் பொறிக்கப்பெற்றோர் ஆங்கில அரசுக்காக மடிந்தவர்கள். நமக்கும் அவர்களுக்கும் உறவென்ன?" என்றான்.

மாணவர்களே, இவ்வினாவைப் பிள்ளைமை என்று தள்ளிவிடுதல் இயலாது. 1931-இல் திறக்கப்பெற்ற அவ்வாயிலை வகுத்தவர் லட்யன்ஸ் என்னும் ஆங்கிலக் கட்டடக் கலைஞர். எழுப்பியது அயலார் அரசு. முதல் உலகப்போரிலும், 1919-ஆம் ஆண்டு ஆப்கானியப் போரிலும் பட்ட வீரர்களுள் பதின்மூவாயிரவர்க்கு மேற்பட்டோர் பெயர் அதில் உள்ளது. உண்மைதான். ஆயினும் அவருட் பலர் உழவர் குடியிற் பிறந்து, ஊதியம் நாடிச் சென்றவர். போரை மூட்டியவரும் அவரல்லர். அதனால் நாடு கொண்டவரும் அவரல்லர். வடமேற்கு எல்லைப்புறத்திலும் ஆப்கானியப் போரிலும் உயிர்விட்டனர். அயலான் ஏவினான் என்பதற்காக நம்மவர் சாவு நமக்கு அயலாகிவிடுமோ?

நம் முன்னோர் நடுகல் நட்ட வழக்கை எண்ணிப் பாருங்கள். ஆநிரை மீட்கச் சென்று பட்டவனுக்கும் கல் நட்டனர். கவரச் சென்று பட்டவனுக்கும் நட்டனர். செங்கம் பகுதியில் இத்தகைய கற்கள் பல உள. வீரன் பெயரையும், அவன் பட்ட வகையையும், அக்கால அரசனது ஆட்சியாண்டையும் அவற்றிற் காணலாம். கல் வழக்குத் தீர்க்கும் மன்றமன்று.

இவ்வாறு கூறி அவனை அழைத்துச் சென்றேன். 2019-இல் திறக்கப்பெற்ற தேசியப் போர் நினைவகம் வானளாவ நிற்பதன்று, வட்டத்துள் வட்டமாக நான்கு வளையங்கள், நடுவே தூண், அதனடியில் அணையா விளக்கு. இந்தியா வாயிலின் கீழ் 1972 முதல் எரிந்த சுடரும் 2022-இல் இதனுடன் சேர்க்கப்பட்டது. விடுதலைக்குப் பின் பட்ட வீரர் இருபத்தையாயிரவர்க்கு மேற்பட்டோர்க்கு ஆளுக்கொரு கருங்கற் பலகை! வரைந்தவர் சென்னைக் கட்டடக் கலைஞர் என்பதில் எனக்குச் சிறிது பெருமையும் உண்டு.

சிலர் அக்கற்களுக்கு முதுகு காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தனர். அதற்காயின் குதுப்மினாரே போதும். என் மகன்முறையானோ ஒரு சுவரருகே நின்று, பெயர்களை ஒவ்வொன்றாக மெல்லப் படிக்கலானான். அவ்வரிசை முடியுமுன் இருட்டிவிட்டது.