மனை பிரிக்குமுன் மலையைப் பாருங்கள்

1973 அக்டோபர் 18 அன்று ஈப்போ, குனோங் சேரோவில் சுண்ணாம்புப் பாறை சரிந்து, அடிவாரத்து வரிசை வீடுகளை நசுக்கியது. ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். கிளேடாங் மலையை ஒட்டி வாழும் ஜெலாப்பாங் மக்களும் மறக்கக்கூடாத பாடம் இது.

1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், நிலத்தைத் துண்டு பிரிப்பதையும் மேம்பாடு என்றே கொள்கிறது. அதற்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். ஆபத்தைத் தடுக்க வேண்டிய கட்டம் அதுவே. கிராண்ட் கைக்கு வந்து, வீடும் எழுந்தபின் தடுத்தால் குடும்பம்தான் தெருவில் நிற்கும்.

கட்டுப்பாடு ஏழைக்கு வீடு கிடைக்காமல் செய்துவிடும் என்பர் சிலர். மலிவு மனைக்கு உயிரையா விலையாகக் கொடுப்பது? பாதுகாப்பான மாற்று நிலம் கேட்போம்.

மாணவர்களே, உள்ளூர்த் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வரும்போது சென்று பாருங்கள். ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுங்கள். பெற்றோர் முன்பணம் கட்டுமுன் மலையையும் வரைபடத்தையும் நாம் பார்த்துவிடுவோம்.