கைத்தொலைபேசியும் கரும்பலகையும்

1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது சைக்கிள் தைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட மக்கள் நாம். கருவிகள் நமக்குப் புதிதல்ல. வளர்ந்தோர் வகுப்பில் கைத்தொலைபேசியை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அது எழுத்தைத் தானே வாசித்துச் சொல்கிறது. கனடாவிலுள்ள மகனுக்குக் குரலிலேயே பதில் போகிறது. பிறகு எழுத்து எதற்கென்று ஒரு தாய் கேட்டால்?

நுண்கடன் கொடுக்க முற்றத்துக்கு வருபவர், கைத்தொலைபேசி பத்திரத்தை வாசித்து முடிக்கும்வரை காத்து நிற்பதில்லை. வாசிக்காமல் கையொப்பமிட்ட பெண்கள் பட்ட பாடு நாமறிந்ததே. வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட நிலுவைக் கடன்களுக்கு 2018இல் அரசே நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது.

பவுலோ பிரெய்ரேயும் 1963இல் பிரேசிலின் அங்கிக்கோசில் சிலைட் புரொஜெக்டரை வகுப்புக்குக் கொண்டுபோனவர்தான். தொழிலாளரின் வாழ்வையே படமாகக் காட்டினார். அதுபற்றி அவர்கள் பேசிய பின்பே எழுத்து வந்தது. நாமும் கடன் பத்திரத்தைப் படமெடுத்து, பெரிதாக்கி, நடுவில் வைப்போம். வட்டி எந்த வரியில் இருக்கிறதென்று தாய்மாரே தேடட்டும்.