சீமாட்டிகளின் செல்வம் வந்த வழி

உலகப் பெருஞ்செல்வர்களின் பட்டியலை அமெரிக்காவிலுள்ள ஃபோர்ப்ஸ் சஞ்சிகை ஆண்டுதோறும் வெளியிட்டு வருகிறது. 2025-ஆம் ஆண்டுப் பட்டியலில் பெண்களுள் முதலிடம் பெற்றவர் அமெரிக்காவின் ஆலிஸ் வால்டன் அம்மையார். அவருடைய சொத்து 10,100 கோடி அமெரிக்க டாலர். இப்படிப்பட்ட தொகையைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவது சுலபம். கணக்கில் தேர்ந்த கிராணிமார்கள் நம் வாசகர்களில் உண்டு, அவர்கள் சரிபார்த்துக்கொள்ளட்டும். டாலருக்கு 4 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், மாதம் 1,700 வெள்ளி என்ற நமது நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளத்தில் ஒரு காசும் செலவழிக்காத தொழிலாளி, அந்தத் தொகையை எட்ட ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகள் பெரட்டுக்குப் போய்வர வேண்டும்!

பெண்ணொருத்தி இவ்வளவு செல்வத்துக்கு உரியவளாய் இருப்பதில் நமக்குப் பொறாமையில்லை. ஆண் முதலாளிகளை விட்டுவிட்டுப் பெண்களைக் குறை சொல்லவும் நாம் வரவில்லை. இந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதுதான் நம் கேள்வி.

பெரும்பாலும் தகப்பனிடமிருந்து, பாட்டனிடமிருந்து, அல்லது கணவனிடமிருந்து. பிரான்சு நாட்டு ஃபிரான்சுவாஸ் பெத்தான்கூர் மேயர்ஸ் 2023 டிசம்பரில் 10,000 கோடி டாலரைத் தொட்ட முதல் பெண்மணி ஆனார். அவருடைய பாட்டனார் தலைமயிர்ச் சாயம் தயாரித்த இரசாயன நிபுணர். 1909-இல் அவர் தொடங்கியதே லோரியால் கம்பெனி. ஜாக்குலின் மார்ஸ் அம்மையாரின் பாட்டனார் மிட்டாய் செய்து விற்றவர். (உதட்டுச் சாயத்துக்கும் சாக்லெட்டுக்கும் செம்பனை எண்ணெய் போகிறது என்பதைக் குலை வெட்டும் நண்பர்கள் நினைவில் வைக்கலாம்.) இந்தியாவின் சாவித்திரி ஜிண்டால், 2005-இல் கணவர் ஹெலிகாப்டர் விபத்தில் மாண்டபின் இரும்பாலைகளுக்குத் தலைவியானவர்.

ஆஸ்திரேலியாவின் ஜினா ரைன்ஹார்ட்டுக்குத் தந்தை வழி வந்தது இரும்புத் தாதுத் தொழில். அதை அவர் தம் திறமையால் பன்மடங்கு பெருக்கினார் என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால், ஆஸ்திரேலியாவில் சுரங்கச் செலவு கூடிப்போயிற்று என்று 2012-இல் வாதாடியபோது, ஆப்பிரிக்கர்கள் நாளொன்றுக்கு 2 டாலருக்கும் குறைந்த கூலிக்கு வேலை செய்யத் தயாராய் இருக்கிறார்கள் என்று எடுத்துக்காட்டியவரும் இவரே. அடுத்த தோட்டத்தில் இதைவிடக் குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கிறதே என்ற பேச்சைக் கேளாத தொழிலாளி நம்மில் யார்?

ஆலிஸ் அம்மையாரிடம் திரும்புவோம். அவர் தந்தை சாம் வால்டன் 1962-இல் ஆர்க்கன்சா மாநிலத்தில் முதல் வால்மார்ட் கடையைத் திறந்தார். செலவைக் காசு காசாகக் குறைத்து மலிவாக விற்பது அவர் கொள்கை. சம்பளமும் ஒரு செலவுதானே! 2000-ஆம் ஆண்டில் டெக்சஸ் மாநிலத்து ஜாக்சன்வில் ஊரில், அக்கடையில் இறைச்சி வெட்டும் ஒரு சிலர் வாக்களித்துச் சங்கத்தில் சேர்ந்தார்கள். சில வாரங்களுக்குள், இனி இறைச்சி பொட்டலமாகவே வரும், கடையில் வெட்ட வேண்டியதில்லை என்று கம்பெனி அறிவித்தது. முன்பே எடுத்த முடிவு என்றும் சொன்னது. கனடாவில் கியூபெக் மாநிலத்து ஜோன்கியேர் ஊர்க் கடையில் 2004-இல் சங்கம் அங்கீகாரம் பெற்றது; 2005 ஏப்ரலில் கடையே மூடப்பட்டது. ஏறத்தாழ 190 பேருக்கு வேலை போயிற்று. இலாபமில்லை என்பது கம்பெனி சொன்ன காரணம். சங்கம் சளைக்காமல் வழக்காடியது. கம்பெனி சட்டத்தை மீறிவிட்டது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2014 வரை ஆயிற்று.

ஆலிஸ் அம்மையார் கடை நடத்தியவர் அல்லர், ஓவியம் சேகரிப்பவர். 2011-இல் பெண்டன்வில் ஊரில் அவர் திறந்த ஓவியக் கூடத்துக்குள் நுழையக் கட்டணமில்லை. நல்ல காரியமே.

தாமே தேடிச் சேர்த்த பெண்களும் உண்டு. சீனாவின் ஜோ சுன்ஃபெய் கடிகாரக் கண்ணாடி செய்யும் தொழிற்சாலையில் கூலியாக இருந்து, கைபேசிக் கண்ணாடிக்கு அரசியானவர். அவருக்கு நெடுங்காலம் முன்பே ஒருவர் இருந்தார். 1867-இல் லூயிசியானாவில் ஒரு பருத்தித் தோட்டத்தில் பிறந்த சாரா என்னும் கறுப்பினப் பெண். பெற்றோர் அடிமைகளாய் இருந்தவர்கள். ஏழு வயதில் அநாதை, பதினான்கில் மணம், இருபதில் விதவை. துணி வெளுத்து மகளை வளர்த்தார். தம் இனப் பெண்களின் கூந்தலுக்குத் தைலம் செய்து வீடு வீடாக விற்று, 1910-இல் இண்டியானாபொலிஸ் நகரில் தொழிற்சாலை வைத்தார். மேடம் சி. ஜே. வாக்கர் என்று உலகம் அறிந்தவர் இவரே. 1917-இல் தம் விற்பனைப் பெண்களைப் பிலடெல்பியாவில் கூட்டி, அதிகம் விற்றவர்களுக்கு மட்டுமன்றித் தருமத்துக்கு அதிகம் கொடுத்தவர்களுக்கும் பரிசளித்தார். கறுப்பின மக்களைக் கும்பல் அடித்துக் கொல்லும் கொடுமையைத் தடுக்கும்படி அந்தக் கூட்டத்திலிருந்தே ஜனாதிபதி வில்சனுக்குத் தந்தி பறந்தது. தோட்டத்தில் பிறந்த இந்தப் பெண்ணிடம் நமக்குத் தனி மதிப்பு உண்டு.

இன்னொரு சீமாட்டி பார்பரா ஹட்டன். ஐந்து சதம், பத்து சதக் கடைகள் வைத்த உல்வொர்த்தின் பேத்தி. 1930-இல் அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம் வாட்டியபோது, இவருடைய பதினெட்டாம் வயது விருந்துக்கு ஆன செலவு 60,000 டாலர். 1937 பிப்ரவரி 27, சனிக்கிழமை. டெட்ராயிட் நகர உல்வொர்த் கடையில் வேலை பார்த்த 108 பெண்கள், வாடிக்கைக்காரர்களை வெளியே அனுப்பிவிட்டு உள்ளேயே அமர்ந்துவிட்டார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள். அங்கேயே சமையல், அங்கேயே படுக்கை. பார்பரா சீமாட்டியைக் கேலி செய்து பாட்டுக் கட்டிப் பாடினார்கள். ஏழு நாளில் கம்பெனி இறங்கி வந்தது. மணிக்கு 5 சதம் உயர்வு. வாரம் 48 மணிக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி. அந்நகரிலிருந்த 40 உல்வொர்த் கடைகளுக்கும் ஒப்பந்தம் செல்லுபடியாயிற்று.

கிளைச் செயலாளர்கள் இந்தச் செய்தியை அடுத்த கூட்டத்தில் நம் சகோதரிகளுக்குப் படித்துக் காட்டக் கேட்டுக்கொள்கிறோம். பாட்டுக் கட்டத் தெரிந்தவர்கள் நம் தோட்டங்களிலும் இருக்கிறார்கள்.