கிள்ளையை யார் எழுதுவது?

சிதம்பரத்தைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றை அடுக்கினால் ஓர் அறை நிறையும். அங்கிருந்து கிழக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் உள்ள கிள்ளைக்கு ஓர் அலமாரித் தட்டே மிகுதி. பிச்சாவரப் படகுச் சவாரி பற்றிய பயணக் குறிப்புகளை நீக்கிவிட்டால் அந்தத் தட்டும் ஏறக்குறைய காலிதான். இதை நாம் ஒரு குறையாகக்கூட உணர்ந்ததில்லை என்பதே நமது வருத்தம்.

ஓர் ஊரின் எல்லையை யார் வரைகிறார்கள் என்பது சிறிய கேள்வியன்று. அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டம் அதைச் செய்தது. ஆறு மைலுக்கு ஆறு மைல் என ஒரு சதுரம். அதற்குள் 36 பிரிவுகள். 16ஆம் பிரிவு பள்ளிக்கூடத்துக்கு. பள்ளிக்கு இடம் ஒதுக்கிய அந்தச் சட்டம், அம்மண்ணில் முன்பே வாழ்ந்த பழங்குடியினரில் பெரும்பாலோருக்கு ஒரு கட்டமும் ஒதுக்கவில்லை.

கிள்ளையில் நேர்கோடு கிடையாது. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், கிழக்கே கடல்; இடையில் உப்பங்கழிகளும் சுரபுன்னைக் காடும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரம் இன்று கோயிலைச் சுற்றிக் காடாக இல்லை. இந்தக் கழிமுகத்தில்தான் வளர்கிறது. தலவிருட்சத்தைப் பாடியவர்கள் நாம். அது நிற்கும் ஊரை எழுதாதவர்களும் நாமே.

இனி மக்கள். உழவர் வாழும் ஊர், தலித்துகள் வாழும் சேரி, மீனவர் குப்பம், இஸ்லாமியர் வாழும் தைக்கால், இருளர் குடியிருப்பு எனத் தனித்தனியே அமைந்த பரப்பு இது. மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் இவ்வூர்க் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது, வழியில் தர்காவைச் சேர்ந்தவர்கள் வரவேற்று மரியாதை செய்கின்றனர். நல்லிணக்கத்தின் சான்றாக இதை நாளிதழ்கள் ஆண்டுதோறும் குறிப்பிடுகின்றன; குறிப்பிடத்தான் வேண்டும். ஆனால் ஒருநாள் விழாவைக் கொண்டு ஊரின் மற்ற நாட்களை அளந்துவிட இயலாது.

2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை அந்த மற்ற நாட்களை வெளிச்சமிட்டது. சின்னவாய்க்கால், பில்லுமேடு, எம்.ஜி.ஆர். திட்டு ஆகிய கடலோரக் குடியிருப்புகள் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தன. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. பிறகு நிவாரணக் கணக்கு தொடங்கியது. படகுக்கும் வலைக்கும் கணக்கு இருந்தது. கழியில் இறங்கி, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்தபடி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணிடம் கணக்கில் காட்டப் படகும் இல்லை, வலையும் இல்லை. பிறப்பால் மீனவர் அல்லர் என்பதால் அவருடைய தொழிலும் எளிதில் மீன்பிடிப்பாக ஏற்கப்படவில்லை. பழங்குடி என்று நிறுவவோ, சாதிச் சான்றிதழுக்காக அலைய வேண்டியிருந்தது. அவர் இழந்ததை எந்தப் பத்தியில் எழுதுவது?

பதிவேட்டில் இல்லாதவர் பந்தியிலும் இல்லை என்பதே இதன் பொருள். தென்னார்க்காடு மாவட்டத்தைப் பற்றி கார்ஸ்டின் 1878இலும் பிரான்சிஸ் 1906இலும் எழுதிய நூல்கள் இன்றும் பயன்படுகின்றன. எனினும் அவை ஆள்வோரின் தேவைக்காக எழுதப்பட்டவை. வரி தரும் நிலம் அவற்றில் துலங்குமளவு, வரி தராத சேறு துலங்காது.

ஆகவே ஊர் வரலாறு எழுத முனையும் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். தலபுராணத்திலிருந்து தொடங்க வேண்டாம், கழியிலிருந்து தொடங்குங்கள். யார் எங்கே குடியிருக்கிறார்கள், எந்த வழியில் தண்ணீருக்குப் போகிறார்கள், சுடுகாட்டுக்கு எவ்வழி, கழியின் எந்தத் துறையில் யார் இறங்கலாம் என்பவற்றைக் கேட்டு எழுதுங்கள். நடை பிறகு வரட்டும். அடுத்த அலைக்குப் பின் ஒருவர் கணக்கெடுக்க வரும்போது, முன்பே எழுதப்பட்ட பக்கம் ஒன்றேனும் அவர் கையில் இருக்க வேண்டும்.