தண்ணி வடிஞ்ச நாலாவது நாள் உங்க வாசலுக்கு வர்றது யார்?



மழை சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை முழுசா படிச்சுடுங்க. வெள்ளம் பற்றித்தான். ஆனா படகு, பால் பாக்கெட், ஏரி ஆக்கிரமிப்பு பற்றி இல்லை. அதெல்லாம் நிறைய பேசியாச்சு. இது அதுக்கு அப்புறம் நடக்கிற கதை. தண்ணி வடிஞ்ச பிறகு, ஊறிப்போன வீட்டைச் சரிசெய்ய நாம யார்கிட்ட காசைக் கொடுக்கிறோம்?

2015 டிசம்பர். அடையாறு பொங்கின அந்த ராத்திரி, முடிச்சூர்ல எங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. நான் அப்போ ஒன்பதாவது. தண்ணி வடிஞ்ச நாலாவது நாள் ஒருத்தர் பைக்ல வந்தார். கையில விசிட்டிங் கார்டு. சுவரைத் தட்டிப் பார்த்தார். "சார், இன்னிக்கு அட்வான்ஸ் கொடுத்தா நாளைக்கே ஆள் இறக்கிடுறேன். விட்டீங்கன்னா பொங்கல் கழிச்சுதான் ஆள் கிடைக்கும்"னு சொன்னார்.

அப்பா பி.எஃப். பணத்துல இருந்து 60,000 ரூபாய் எடுத்துக் கொடுத்தார். ரசீது இல்லை, ஒப்பந்தம் இல்லை. வேலை வேகமாத்தான் நடந்தது. கீழ்ப்பூச்சைக் கொத்தி, புதுசா பூசி, பட்டி பார்த்து, பொங்கலுக்கு முன்னாடியே பெயின்ட். மொத்தம் 1,40,000. வீடு பளபளன்னு இருந்தது.

மே மாசம் சுவர்ல உப்பு பூத்தது. பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பி உதிர்ந்தது. போன் போட்டா சுவிட்ச் ஆஃப். "தண்ணி ஒரு தடவைதான் அடிச்சுது. இவன் ரெண்டாவது தடவை அடிச்சுட்டான்"னு அம்மா சொன்னாங்க.

இதோட முடியலை. எங்க வீட்ல வேலை பார்த்த கொத்தனார் ஒருத்தர் ஒருநாள் வாசல்ல வந்து நின்னார். "அந்த காண்ட்ராக்டர் நம்பர் இருக்குங்களா? எனக்கு எட்டு நாள் கூலி வரணும்"னு கேட்டார். எங்களையும் ஏமாத்தி, உழைச்சவரையும் ஏமாத்தி நடுவுல ஒருத்தர் காணாம போயிட்டார்.

இதைப் படிச்சுட்டு எல்லா காண்ட்ராக்டரும் திருடன்னு நினைச்சுடாதீங்க. வெள்ளத்துக்குப் பிறகு மணல், சிமென்ட், கூலி எல்லாமே ஏறும். ஆள் பற்றாக்குறையும் உண்மை. பல மேஸ்திரிகளோட சொந்த வீடே தண்ணியில நிற்கும். பிரச்சினை நம்ம அவசரம். அந்த அவசரத்தை வியாபாரம் ஆக்குறவங்கதான் முதல்ல வாசலுக்கு வர்றாங்க.

நான் சிவில் இன்ஜினியரிங் படிச்சேன். 2023 மிக்ஜாம் புயல்ல திரும்பவும் வீட்டுக்குள்ள தண்ணி. இந்தத் தடவை எங்க தெரு மேஸ்திரியையே கூப்பிட்டு, சித்திரை கழிச்சுதான் பெயின்ட் அடிச்சோம். இன்னிக்கு வரைக்கும் சுவர் நல்லா இருக்கு. அதுல கத்துக்கிட்டதைச் சொல்றேன். சேவ் பண்ணி வெச்சுக்குங்க.

👉 முதல்ல போட்டோ. தண்ணி நின்ன கோடு சுவர்ல தெரியும். அதோட சேர்த்து ஒவ்வொரு அறையையும் போட்டோ, வீடியோ எடுங்க. சேதக் கணக்கு எடுக்க வர்ற அதிகாரிக்கும் அதுதான் ஆதாரம். வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்தா, கம்பெனிக்குத் தகவல் சொல்லி, சர்வேயர் பார்க்கிற வரைக்கும் எதையும் உடைக்காதீங்க.

👉 மெயின் சுவிட்சைத் தொடாதீங்க. உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியன் பார்த்த பிறகுதான் கரண்ட். நனைஞ்ச பிளக் பாயின்ட்டைத் துடைச்சுட்டுப் போடுறது உயிரோட விளையாடுறது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீடா? பெயின்ட் செலவைத் தள்ளிப்போட்டு முதல்ல அதை மாட்டுங்க.

👉 சுவர் காயணும். ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் குடிச்ச தண்ணி வெளியேற வாரக்கணக்கில், சில சமயம் மாசக்கணக்கில் ஆகும். ஒரு பாலிதீன் ஷீட்டைச் சுவர்ல வெச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டுங்க. மறுநாள் உள்பக்கம் துளி துளியா வேர்த்திருந்தா சுவர் இன்னும் ஈரம். பட்டியும் பெயின்ட்டும் வேண்டாம். "பத்து நாள்ல பெயின்ட் அடிச்சு முடிச்சுத் தர்றேன்"னு யாராவது சொன்னா, அந்த வேகத்துக்குப் பயப்படுங்க.

👉 மூணு பேர்கிட்ட விலை கேளுங்க. மொத்தமா "ஒன்றரை லட்சம்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. எத்தனை சதுர அடி பூச்சு, சதுர அடிக்கு என்ன ரேட், எந்த சிமென்ட், பொருள் யாரோடது? பிரிச்சு எழுதித் தரச் சொல்லுங்க. முத்திரைத்தாள் கிடைக்கலையா? வாட்ஸ்அப்ல அனுப்பி "சரி"ன்னு பதில் வாங்குங்க. அதுவும் ஆதாரம்தான்.

👉 அட்வான்ஸ் குறைவா, வங்கி வழியா. பாதிப் பணத்தை முன்னாடியே கொடுக்காதீங்க. சிமென்ட், எம்-சாண்ட் எல்லாம் நீங்களே கடையில வாங்குங்க, பில் உங்க பேர்ல இருக்கட்டும். கூலியை வேலை முடிய முடியக் கொடுங்க. கடைசியில ஒரு பகுதியை நிறுத்தி வைங்க. அரசு காண்ட்ராக்டுலயே அப்படித்தான் பிடிச்சு வைக்கிறாங்க. நாம செஞ்சா தப்பில்லை.

👉 செப்டிக் டேங்க்ல யாரையும் இறக்காதீங்க. "நம்ம பையன் ஒரு நிமிஷத்துல இறங்கிடுவான்"னு காண்ட்ராக்டர் சொன்னாலும் விடாதீங்க. அது 2013 சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், உள்ள இருக்கிற வாயு ஒரு நிமிஷத்துல உயிரை எடுத்துடும். லாரி வெச்சு மெஷின்ல எடுக்கச் சொல்லுங்க.

👉 ஏமாந்துட்டீங்களா? சும்மா இருக்காதீங்க. வீட்டு வேலையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல ஒரு சேவைதான். 1915-க்கு போன் பண்ணுங்க. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல ரெண்டு வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கலாம். நீங்க கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் இருந்தா கட்டணமே கிடையாது. வக்கீல் வெச்சே ஆகணும்னும் இல்லை. எங்க அப்பாவுக்கு இது அப்போ தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் கையில ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

சரி, "மக்கள்தான் ஜாக்கிரதையா இருக்கணும்"னு சொல்லி முடிச்சுடலாமா? முடியாது. அது எங்களை மாதிரி கட்சிக்காரங்களும் அரசாங்கமும் தப்பிக்கிற வழி.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை. தாமிரபரணிக் கரை ஊரெல்லாம் தண்ணி. ஏரல் பக்கம் நிவாரணம் கொடுக்க எங்க டீம் போச்சு. அரிசி மூட்டையோட நான் நிற்கிறப்போ ஒரு பாட்டி கேட்டாங்க: "அரிசி பருப்பெல்லாம் வந்துட்டு தம்பி. செவரு விரிசல் விட்டிருக்கே, உள்ள படுக்கலாமா கூடாதான்னு யாரு சொல்லுவா?"

நான் சிவில் இன்ஜினியர். என் கையில இருந்தது அரிசி மூட்டை. அந்தச் சுவரைப் போய்ப் பார்த்துச் சொல்லிட்டு வந்தேன். அந்தத் தெருவுல மிச்சம் இருந்த வீடுகளை யார் பார்த்தாங்க? எட்டாவது நாள் நாங்க ஊருக்குக் கிளம்பிட்டோம். நாங்க கிளம்பின பிறகுதான் விசிட்டிங் கார்டுகள் வரும்னு எனக்கு நல்லாவே தெரியும்.

2022-26 காலத்துக்கான பேரிடர் நிதி விதிப்படி, சமவெளியில முழுசா இடிஞ்ச வீட்டுக்கு 1,20,000 ரூபாய். பகுதி சேதமான கான்கிரீட் வீட்டுக்கு 6,500 ரூபாய், அதுவும் 15 சதவீதமாவது சேதம் இருந்தாத்தான். சுவர் நிற்குது, ஆனா உள்ள எல்லாம் ஊறிப்போச்சுன்னா? அந்தக் குடும்பம் கடன் வாங்கித்தான் ரிப்பேர் பார்க்கும். அந்தக் கடன் பணம்தான் இந்த அட்வான்ஸா போகுது.

அதனால, ஆட்சியில யார் இருந்தாலும் நாம கேட்க வேண்டியது இது:

1. தண்ணி வடிஞ்ச உடனே வார்டு வாரியா உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியனும் ஒரு இன்ஜினியரும் வீடு வீடா வந்து இலவசமா பார்க்கணும்.

2. பொதுப்பணித்துறை வருஷா வருஷம் விலை விகிதப் பட்டியல் போடுது. அதுல இருந்து வெள்ள ரிப்பேருக்கு மட்டும் ஒரே பக்கத்துல, எல்லாருக்கும் புரியுற தமிழ்ல ரேட் கார்டு ரேஷன் கடையில ஒட்டணும்.

3. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துல பதிவு செஞ்ச உள்ளூர் கொத்தனார், பிளம்பர், பெயின்டர் பட்டியல் வார்டு ஆபீஸ்ல கிடைக்கணும். நமக்கு நம்பிக்கையான ஆள், அவங்களுக்கு நியாயமான கூலி.

இதுக்குப் பெரிய நிதி வேண்டாம், மனசு இருந்தா போதும்.

என்னை மாதிரி சிவில், எலெக்ட்ரிக்கல் படிச்சுட்டு இந்தப் பக்கத்தைப் பார்க்கிற தம்பி தங்கைகளே, அடுத்த மழைக்கு மூட்டை தூக்க மட்டும் வராதீங்க. டார்ச், டெஸ்டர், ஒரு ரோல் பாலிதீன் ஷீட்டோட வாங்க. பத்தாவது நாளும் ஊர்ல இருங்க. பேர், படிப்பு, ஊர் மூணையும் கமென்ட்ல போடுங்க. வார்டு வாரியா பட்டியல் எடுக்கிறேன்.

தாழ்வான பகுதியில இருக்கிற உங்க சொந்தக்காரங்க குரூப்ல இதை இன்னிக்கே பகிருங்க. தண்ணி வந்த பிறகு படிக்க யாருக்கும் நேரம் இருக்காது.

#வெள்ளத்துக்குப்பிறகு #அட்வான்ஸ்கொடுக்கும்முன்