எந்த சாஃப்ட்வேர் மச்சி நல்லது?

"மச்சி, பழைய ஹார்ட் டிஸ்க்ல இருக்குற விண்டோஸை அப்படியே எஸ்.எஸ்.டி.க்கு மாத்தணும். எந்த சாஃப்ட்வேர் நல்லது?"

விடுதியில் மாதம் ஒருவராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். நாலு லேப்டாப்பைத் திருப்புளி போட்டுத் திறந்து மூடியவன் என்பதால் எனக்கு "டாக்டர்" பட்டம் வேறு :-) போன வருஷம் வரை நானும் டக்கென்று ஒரு பெயரைச் சொல்லி அனுப்பி விடுவேன். அப்படித்தான் என் அறை நண்பனின் இறுதியாண்டு புராஜெக்ட் பாதிக்கு மேல் போனது. அதனால் இந்தக் கட்டுரை கொஞ்சம் பிராயச்சித்தமும்தான்.

நடந்தது இதுதான். அவனுடைய லேப்டாப் ஒரு மாதமாக ஆமை வேகம். ஒரு ஃபோல்டரைத் திறந்தால் அரை நிமிஷம் உறையும், உள்ளிருந்து 'டக்... டக்' என்று சத்தம் வரும். "எஸ்.எஸ்.டி. போட்டா பறக்கும்டா" என்று நான்தான் வாங்க வைத்தேன். பென் டிரைவில் குளோன்சில்லாவைப் போட்டு, அதிலிருந்து பூட் செய்து, குளோனிங்கை ஆரம்பித்தேன். முப்பது சதவீதத்தில் படிக்க முடியவில்லை என்று நின்றது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடம். மூன்றாவது முறை ஆரம்பித்தபோது பயாஸிலேயே அந்த டிஸ்க் தெரியவில்லை. அவ்வளவுதான்.

குளோன்சில்லா மேல் தவறே இல்லை. நல்ல நிலையில் உள்ள டிஸ்க்குக்கு இன்றைக்கும் நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன். சாகக் கிடந்த டிஸ்க்குக்கு அந்த முறையைத் தேர்ந்தெடுத்த என் மேல்தான் தவறு. படிக்க முடியாத செக்டர் வந்தால் அது சாதாரணமாக நின்று விடும். நான் மூன்று முறை முதலிலிருந்து ஓட்டி, இருந்த கொஞ்சநஞ்ச உயிரையும் ஏற்கனவே படித்த இடங்களையே திரும்பப் படிக்க வைத்துத் தீர்த்தேன். அந்த இடத்தில் வேண்டியது டிடி-ரெஸ்க்யூ. அது ஒழுங்காகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் வாரிக் கொள்ளும். முரண்டு பிடிக்கிற இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில்தான் திரும்ப வந்து முயற்சி செய்யும். எதை எடுத்தோம், எது பாக்கி என்று ஒரு கோப்பில் குறித்து வைப்பதால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். (அந்தக் குறிப்புக் கோப்பை மூன்றாவதாக ஒரு டிரைவில் வையுங்கள்.) அதற்கும் முன்னால், புராஜெக்ட் ஃபோல்டரை மட்டும் ஒரு பென் டிரைவுக்கு நகலெடுத்திருந்தால் பத்து நிமிஷ வேலை. தோன்றவில்லையே!

அதனால் இப்போது யார் கேட்டாலும், "உன் டிஸ்க் எப்படி இருக்கு?" என்றுதான் முதலில் திருப்பிக் கேட்கிறேன். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற ஒரு சின்ன இலவச மென்பொருளைப் போட்டு ஸ்மார்ட் தகவலைப் பாருங்கள். படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் என்று அதில் ஒரு வரி இருக்கும். அது பூஜ்ஜியமாக இல்லாவிட்டால் விண்டோஸை மறந்து விடுங்கள், கோப்புகளைக் காப்பாற்றுங்கள்.

டிஸ்க் நன்றாகவே இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி, குளோனிங் எதற்கு? "விண்டோஸ் லைசென்ஸ் போயிடும்டா" என்பார்கள். லேப்டாப்போடு வந்த லைசென்ஸ் பெரும்பாலும் மதர்போர்டோடு இணைந்தது. டிஸ்க்கை மாற்றி அதே பதிப்பைப் புதிதாக நிறுவினால் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். நாலு வருஷக் குப்பை சேர்ந்த விண்டோஸை எஸ்.எஸ்.டி.க்குக் கொண்டு போவது, புது வீட்டுக்குப் பழைய வீட்டு ஒட்டடையையும் மூட்டை கட்டுவது போல. திரும்ப நிறுவ முடியாத ஏதாவது ஒரு மென்பொருள், ஒரு வாரம் உட்கார்ந்து அமைத்த வேலைச்சூழல், இப்படி ஒரு காரணம் இருந்தால் மட்டும் குளோனிங்.

இனி, சிலர் செய்கிற ஒரு காரியம்: சி டிரைவ் முழுவதையும் தேர்வு செய்து காப்பி, பேஸ்ட். இதில் பூட் ஆகவே ஆகாது. கணினி எழும்புவதற்கான கோப்புகள் சி டிரைவில் இல்லை, நம் கண்ணில் படாத ஈ.எஃப்.ஐ. பார்ட்டிஷனில் இருக்கின்றன. லினக்ஸில் கோப்புகளை நகலெடுத்து, எஃப்-எஸ்-டேப்பைத் திருத்தி, கிரப்பைத் திரும்ப நிறுவினால் எழுந்து விடும். விண்டோஸில் அந்த வேலை வேண்டாம்.

இன்னொரு கோஷ்டி 'டிடி' கட்டளை பக்தர்கள். எனக்கும் பிடித்த கட்டளைதான், ஆனால் காலி இடத்தையும் சேர்த்து நகலெடுக்கும். யு.எஸ்.பி. 2.0 வழியாக நொடிக்கு 35 எம்.பி. என்று வைத்தால் 500 ஜி.பி. டிஸ்க்குக்குக் கிட்டத்தட்ட 4 மணி நேரம். உள்ளே இருப்பது 90 ஜி.பி.தான் என்றால், பயன்படுத்திய இடத்தை மட்டும் நகலெடுக்கும் குளோன்சில்லா முக்கால் மணி நேரத்தில் முடித்து விடும். அதோடு, டிடியில் இரண்டு டிஸ்க்கின் பெயரை இடம் மாற்றி அடித்தால், காலி டிஸ்க் மூலத்தின் மேல் எழுதப்படும். "நிச்சயமாகவா?" என்று கேட்கக்கூடச் செய்யாது.

பிட்லாக்கர் விஷயத்தில் கவனம். புது லேப்டாப்கள் பலவற்றில் அது நமக்குத் தெரியாமலே இயங்கிக் கொண்டிருக்கும். 48 இலக்க மீட்பு எண்ணைக் குறித்துக் கொண்டு, முதலில் அதை அணைத்து, டிகிரிப்ட் முழுவதும் முடிந்த பிறகு ஆரம்பியுங்கள்.

பெரிய டிஸ்க்குக்கு மாற்றினால் ஒரு சில்லறைத் தொல்லை உண்டு. 256 ஜி.பி.யிலிருந்து 1 டி.பி.க்குப் போன பிறகு, சி டிரைவைப் பெரிதாக்கும் வசதி மங்கலாகவே கிடக்கும். நடுவில் ரெக்கவரி பார்ட்டிஷன் நந்தி மாதிரி உட்கார்ந்திருப்பதுதான் காரணம். ஜி-பார்ட்டட் மூலம் அதைக் கடைசிக்குத் தள்ளினால் சரியாகி விடும்.

முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றி விட்டுப் புதியதை மட்டும் வைத்து பூட் செய்யுங்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் சேர்ந்து இருந்தால் குழப்பம் வரும். அதைவிட முக்கியம், பழையதிலிருந்து பூட் ஆகியிருந்தும் புதியது வேலை செய்கிறது என்று நம்பி, பழையதை ஃபார்மட் செய்து விடுவீர்கள். ஒரு மாதம் அது மேஜை டிராயரில் சும்மா கிடக்கட்டும்.

நண்பன் ரிப்போர்ட்டை மின்னஞ்சலில் கிடந்த பழைய பிரதியிலிருந்து மறுபடி எழுதினான். இரண்டு வாரம் தட்டச்சு செய்தது பாதி நான்தான்.